இருதந்தி இசைஞர் லியூ வென்செங்

(உரைநடை)

நுழையுமுன்

பிறந்த ஊரை விட்டுப் பிற ஊரில் குடியேறும் மக்கள் தம்முடன் சிலவற்றைக் கொண்டு செல்கின்றனர். அவற்றுள் எடையே இல்லாத உடைமைகள் இரண்டு. ஒன்று மொழி, மற்றொன்று பாட்டு. புதிய ஊரில் அப்பாட்டு என்ன ஆகிறது? அதனைப் பழையபடியே காக்க வேண்டுமா? புதிய ஊரின் ஓசைகளையும் அது ஏற்கலாமா? சீன நாட்டைச் சேர்ந்த கான்டனீஸ் இசையறிஞர் ஒருவரின் வாழ்வும் பணியும் இவ்வினாக்களுக்கு விடை தருகின்றன. அவரது வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு பெயர் கொண்டவர்

சீனாவின் தென்கோடியில் கடலோரமாக அமைந்துள்ள மாநிலம் குவாங்டொங். அம்மாநிலத்தின் தலைநகர் குவாங்சௌ. அயல்நாட்டு வணிகர்கள் அந்நகரை முற்காலத்தில் ‘கான்டன்’ என்று அழைத்தனர். எனவே அங்கு வழங்கும் மொழிக்கும், அம்மொழி பேசும் மக்களுக்கும், அவர்களது இசைக்கும் ‘கான்டனீஸ்’ என்னும் பெயர் அமைந்தது.

அம்மாநிலத்தின் சியாங்ஷான் வட்டத்தில் 1898ஆம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் பெயரைச் சீனாவின் பொதுமொழியாகிய மாண்டரினில் ‘லியூ வென்செங்’ என்று ஒலிப்பர். அவர்களது தாய்மொழியாகிய கான்டனீஸில் அதே பெயர் ‘லுய் மன்-சிங்’ என்று ஒலிக்கும். எழுத்துகள் ஒன்றே, ஒலிப்புகள் இரண்டு. சீனர் வழக்கப்படி குடும்பப் பெயர் முதலிலும், இயற்பெயர் பின்னும் வரும். எனவே ‘லியூ’ என்பது குடும்பப் பெயர். ‘வென்செங்’ என்பது இயற்பெயர்.

வென்செங் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, அவரது குடும்பம் பிழைப்புத் தேடி ஷாங்காய் நகருக்குக் குடிபெயர்ந்தது. குவாங்சௌவிற்கும் ஷாங்காய்க்கும் இடையே உள்ள தொலைவு நேர்கோட்டில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஆகவே, பிறந்த மண்ணைப் பற்றிய நினைவு எதுவும் மனத்தில் பதியும் முன்னரே அவர் அதனை விட்டுப் பிரிந்தார்.

ஷாங்காயில் ஒரு கான்டனீஸ் உலகம்

1842ஆம் ஆண்டில் கையெழுத்தான நாஞ்சிங் உடன்படிக்கையின் விளைவாக, அடுத்த ஆண்டில் ஷாங்காய்த் துறைமுகம் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் அந்நகரம் விரைந்து வளர்ந்தது. அயல்நாட்டு வணிகர்களோடு நெடுங்காலம் பழகியிருந்த கான்டனீஸ் மக்கள் பலர் அங்குச் சென்றனர். தரகர், மாலுமி, தச்சர், கப்பல் கட்டும் தொழிலாளர், கடைக்காரர் எனப் பல தொழில்களில் அவர்கள் ஈடுபட்டனர். ஷாங்காயின் நாஞ்சிங் சாலையில் 1917ஆம் ஆண்டு ‘சின்சியர்’ என்னும் பேரங்காடியும், 1918ஆம் ஆண்டு ‘விங் ஆன்’ என்னும் பேரங்காடியும் திறக்கப்பட்டன. அவ்விரண்டையும் நிறுவியோர் வென்செங் பிறந்த அதே சியாங்ஷான் வட்டத்தினர் ஆவர்.

பேரங்காடிகளை நிறுவியோர் சிலரே. உழைத்து உண்டோரே மிகுதி. வென்செங்கின் குடும்பம் அத்தகைய உழைப்பாளர் குடும்பம். அவரும் இளமையிலேயே வேலைக்குச் செல்ல நேர்ந்தது.

ஷாங்காயின் மொழி வேறு; கான்டனீஸ் மொழி வேறு. இரண்டும் சீன மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. எனவே அங்கு வளர்ந்த கான்டனீஸ் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழியையும் தெருவில் மற்றொரு மொழியையும் கேட்டு வளர்ந்தனர். தாய்மண்ணின் நினைவு மங்காதிருக்க, கான்டனீஸ் மக்கள் சங்கங்கள் அமைத்தனர், பள்ளிகள் நடத்தினர், வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் ஒன்றுகூடித் தம் ஊர்ப் பாடல்களை இசைத்தனர். 1910ஆம் ஆண்டில் ஷாங்காயில் தோன்றிய ‘ஜிங்வூ’ உடற்பயிற்சிச் சங்கம் தற்காப்புக் கலைக்குப் பெயர்பெற்றது. அச்சங்கத்தில் கான்டனீஸ் இசைக்கும் ஒரு பிரிவு இருந்தது. இத்தகைய கூட்டங்களே வென்செங்கிற்கு இசைப்பள்ளிகளாக அமைந்தன.

அவர் இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். மூத்தோர் வாசிப்பதைக் கேட்டும், உடனிருந்து வாசித்தும் கற்றார். யாங்சின், எர்ஹு ஆகிய கருவிகளில் தேர்ச்சி பெற்றார். கான்டனீஸ் இசை நாடகத்தில் ஆண்களே பெண் வேடம் ஏற்ற காலத்தில், ஆண்கள் தம் குரலை உயர்த்திப் பெண் குரலாகப் பாடும் முறை ஒன்று வளர்ந்திருந்தது. அம்முறையில் பாடுவதிலும் வென்செங் வல்லவராக விளங்கினார். இவ்வாறு, தான் கண்டு அறியாத ஊரின் இசையை அவர் ஷாங்காயிலேயே முழுமையாகக் கற்றார்.

கான்டனீஸ் இசையின் இயல்பு

கான்டனீஸ் இசை என்பது இங்குக் கருவியிசையைக் குறிக்கும். இது இசை நாடகத்தின் மடியில் பிறந்தது. நாடகத்தில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே வாசிக்கப்பட்ட சிறு இசைத் துண்டுகளும், மக்களிடையே வழங்கிய பாடல் மெட்டுகளும் காலப்போக்கில் தனித்து நின்று வளர்ந்தன. அவையே பின்னர்த் தனியொரு கருவியிசையாக மலர்ந்தன. ‘வறண்ட வானில் இடி’ என்னும் புகழ்பெற்ற மெட்டைத் தந்த யான் லாவ்லியே, படகுப் போட்டியின் ஆரவாரத்தை இசையாக்கிய ஹே லியூதாங் ஆகியோர் இத்துறையின் முன்னோடிகள்.

இவ்விசையை எழுதி வைக்கச் சீன எழுத்துகளால் ஆன ஒரு குறியீட்டு முறை உண்டு. ஒவ்வொரு சுரத்தையும் ஓர் எழுத்துக் குறிக்கும். ஏட்டில் இருப்பது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. அதற்குத் தசையும் உயிரும் தருபவர் வாசிப்பவரே. அவர் தம் திறமைக்கேற்பச் சிறு சுரங்களைச் சேர்த்தும், குழைத்தும், நெளித்தும் மெட்டை அழகுபடுத்துவார். சீனர் இதனைப் ‘பூச்சேர்த்தல்’ என்பர். எனவே, ஒரே மெட்டை இருவர் வாசித்தால் இரு வேறு அழகுகள் தோன்றும். மாறுதல் என்பது இவ்விசையின் இயல்பிலேயே அமைந்திருந்தது.

எஃகுத் தந்தி

எர்ஹு என்பது இரண்டு தந்திகளை உடைய வில்லிசைக் கருவி. மரத்தாலான சிறு குடமும், அதன்மேல் நீண்டு நிற்கும் மெல்லிய தண்டும் அதன் உறுப்புகள். குடத்தின் முகப்பில் பாம்புத்தோல் போர்த்தப்பட்டிருக்கும். வில்லின் குதிரைமயிர் இரு தந்திகளுக்கும் நடுவே புகுந்து செல்வதால், வில்லைக் கருவியிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. வாசிப்பவர் கருவியைத் தம் இடத்தொடையின்மீது நிறுத்தி வாசிப்பார். அக்காலத்தில் அதன் தந்திகள் பட்டு நூலைத் திரித்துச் செய்யப்பட்டன. பட்டுத் தந்தியின் ஒலி மென்மையானது, ஆழமானது, சற்றே துயரம் தோய்ந்தது.

கான்டனீஸ் மெட்டுகளோ பெரும்பாலும் விரைவும் ஒளியும் உடையவை. அவற்றுக்கு உயர்ந்த சுருதியும் தெளிந்த ஒலியும் தேவைப்பட்டன. தந்தியை முறுக்கினால் சுருதி உயரும். ஆனால் பட்டுத் தந்தியை ஓர் அளவுக்குமேல் முறுக்கினால் அது அறுந்துவிடும். இங்கேதான் ஷாங்காய் நகரம் வென்செங்கிற்குத் துணை செய்தது.

அந்நகரில் ஐரோப்பிய இசையும் வழங்கியது. உணவு விடுதிகளிலும் நடன அரங்குகளிலும் வயலின் ஒலித்தது. வயலினில் எஃகுத் தந்தி பயன்பட்டது. வென்செங்கின் இசைத் தோழர்களுள் ஒருவர் சிது மெங்யான். அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கப்பல் கட்டும் கலை பயின்று திரும்பிய பொறியாளர். வயலின் வாசிக்கவும், வயலினைத் தம் கையாலேயே செய்யவும் வல்லவர். இத்தகையோருடன் பழகிய வென்செங், 1926ஆம் ஆண்டளவில் தம் எர்ஹுவில் பட்டுத் தந்திக்கு மாறாக எஃகுத் தந்தியைக் கட்டினார்.

எஃகுத் தந்தி கூடுதல் முறுக்கைத் தாங்கியது. எர்ஹுவின் சுருதியைவிட ‘ச’ முதல் ‘ம’ வரையுள்ள இடைவெளி அளவுக்கு உயர்ந்த சுருதியை அவரால் அமைக்க முடிந்தது. ஆனால் புதியதொரு இடர் தோன்றியது. உயர்ந்த சுருதியில் எஃகுத் தந்தியின் ஒலி சில வேளைகளில் கூர்மையாகி, காதை உறுத்தியது. வென்செங் அதற்கும் ஓர் எளிய வழி கண்டார். கருவியைத் தொடைமீது நிறுத்தாமல், அதன் குடத்தை இரு கால்களுக்கும் இடையே பற்றிக்கொண்டு வாசித்தார். குடத்தின் அதிர்வு ஓரளவு அடங்கியது, கரகரப்பு நீங்கியது, இனிமை எஞ்சியது. கால்களின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒலியின் தன்மையை மாற்றவும் முடிந்தது.

இவ்வாறு பிறந்த கருவியே ‘காவ்ஹு’. ‘காவ்’ என்றால் உயர்ந்தது என்று பொருள். ஒரு தந்தியை மாற்றியதும், கருவியை வைக்கும் இடத்தை மாற்றியதுமே வென்செங் செய்தவை. ஆனால் அவ்விரு மாற்றங்களும் ஓர் இசை மரபின் குரலையே மாற்றின.

பழையன கழிதலும் புதியன புகுதலும்

அதற்கு முன்னர்க் கான்டனீஸ் இசைக்குழுவில் ‘எர்சியன்’ என்னும் உரத்த இருதந்திக் கருவி தலைமை வகித்தது. வேறு சில தந்திக் கருவிகளும் புல்லாங்குழலும் அதனுடன் சேர்ந்து ஒலித்தன. காவ்ஹு வந்தபின் குழுவின் அமைப்பே மாறியது. காவ்ஹு, யாங்சின், சின்சின் ஆகிய மூன்று கருவிகள் கொண்ட சிறு குழு பெரிதும் பரவியது. யாங்சின் என்பது மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்கும் பல தந்திக் கருவி. சின்சின் என்பது நீண்ட கழுத்தும் பூவிதழ் வடிவ உடலும் கொண்ட மீட்டுகருவி. தெளிவும் நுட்பமும் நிறைந்த அறையிசைக்கு இம்மூன்றும் பொருத்தமாக அமைந்தன.

வென்செங்கும் அவர்தம் தோழர்களும் அத்துடன் நிற்கவில்லை. யின் சிசொங் வயலினில் கான்டனீஸ் மெட்டுகளை வாசித்தார். ஹே தாஷா ஹவாய் கிதாரை இசைக்குழுவில் புகுத்தினார். ஹே லாங்பிங் என்பவரும் அவர்களுடன் இணைந்தார். இந்நால்வரையும் மக்கள் கான்டனீஸ் இசையின் ‘நான்கு பேரரசர்கள்’ என்று பாராட்டினர். சாக்சபோன், பாஞ்சோ முதலிய கருவிகளும் அக்காலத்துக் குழுக்களில் இடம்பெற்றன.

இத்தனை அயற்கருவிகள் நுழைந்தபின் அது எவ்வாறு கான்டனீஸ் இசையாகும் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதற்கு அவர்களது வாசிப்பே விடை. வயலினை அவர்கள் ஐரோப்பியர் வாசிப்பதுபோல் வாசிக்கவில்லை. கான்டனீஸ் மெட்டின் நெளிவும் குழைவும் ‘பூச்சேர்த்தலும்’ வயலின் வழியே வெளிப்படுமாறு வாசித்தனர். கருவி அயலூருடையது, பேசிய மொழி தம் ஊருடையது. மொழியை நன்கு கற்றிருந்தமையால், எக்கருவியைக் கையில் எடுத்தாலும் அதனைத் தம் மொழி பேசச் செய்ய அவர்களால் முடிந்தது.

இயற்றிய இசை

வென்செங் நூற்றுக்கும் மேற்பட்ட இசைப் படைப்புகளை உருவாக்கினார். அவற்றுள் இரண்டு சீனர் வாழும் இடமெங்கும் அறியப்பட்டவை.

முதலாவது ‘அமைதி ஏரியில் இலையுதிர்கால நிலவு’. ஷாங்காய்க்குத் தென்மேற்கே உள்ள ஹாங்சௌ நகரில் ‘மேற்கு ஏரி’ என்னும் அழகிய ஏரி உள்ளது. அதன் புகழ்பெற்ற பத்துக் காட்சிகளுள் ஒன்றின் பெயரே இப்படைப்பின் பெயர். நிலவொளி நீரில் பரவுவதுபோல் மெல்லத் தொடங்கி, இடையறாது வழிந்தோடும் மெட்டு இது. இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஏரி குவாங்டொங் மாநிலத்தில் இல்லை. அது செஜியாங் மாநிலத்தில் உள்ளது. அப்பகுதி நாட்டுப்புற இசையின் சாயலும் இம்மெட்டில் கலந்துள்ளது. தாம் வளர்ந்த வட்டாரத்தின் அழகைத் தம் முன்னோரின் இசைமொழியில் வென்செங் பாடினார். இன்று இது கான்டனீஸ் இசையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 1975ஆம் ஆண்டு சென் பெய்சுன் என்னும் இசையமைப்பாளர் இதனைப் பியானோவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அவ்வடிவத்தை உலகின் பல மேடைகளில் பியானோ இசைஞர்கள் வாசிக்கின்றனர்.

இரண்டாவது ‘படிப்படியாய் உயர்வு’. இது 1930களில் வெளிவந்தது. துள்ளும் தாளமும் ஏறிச் செல்லும் சுரவரிசையும் கொண்டது. ஷாங்காய் நடன அரங்குகளில் ஒலித்த மேலைநாட்டு இசையின் விறுவிறுப்பு இதன் தாளத்தில் தெரிகிறது. பெயரில் உள்ள நற்பொருளாலும் மெட்டில் உள்ள உற்சாகத்தாலும் சீனப் புத்தாண்டு, கடை திறப்பு விழா முதலிய நன்னாள்களில் இது இன்றும் ஒலிக்கிறது. இதனை இயற்றியவர் பெயரை அறியாதோரும் மெட்டைக் கேட்டவுடன் அடையாளம் காண்பர்.

‘மாலை நேரத்து மீனவர் பாடல்’, ‘விழித்தெழும் சிங்கம்’, ‘மலையிறங்கும் புலி’ ஆகியனவும் அவர்தம் படைப்புகளுள் குறிப்பிடத்தக்கவை.

கடல் கடந்த இசைத்தட்டுகள்

வென்செங் வாழ்ந்த காலம் இசைத்தட்டின் காலம். அன்றைய தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையை மட்டுமே பதிவு செய்ய இயலும். சிறிய, செறிவான கான்டனீஸ் மெட்டுகள் அந்த அளவுக்குப் பொருத்தமாக அமைந்தன. வென்செங் பல நிறுவனங்களுக்காக வாசித்தும் பாடியும் ஏராளமான தட்டுகளைப் பதிவு செய்தார். அத்தட்டுகள் குவாங்சௌவிலும் ஹாங்காங்கிலும் மட்டுமன்றி, தென்கிழக்கு ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறியிருந்த கான்டனீஸ் மக்களின் இல்லங்களையும் அடைந்தன. தொலைதூர நகர்களில் உழைத்துக் களைத்தோர், மாலையில் தட்டைச் சுழலவிட்டுத் தம் மொழியின் ஓசையைக் கேட்டனர்.

1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜப்பானியப் படை ஷாங்காயைத் தாக்கியது. கான்டனீஸ் மக்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளில் கடும்போர் மூண்டது. அவ்வாண்டில் வென்செங் ஹாங்காங்கில் குடியேறினார். குழந்தைப் பருவத்தில் ஒருமுறை இடம்பெயர்ந்த அவர், தம் முப்பத்து நான்காம் வயதில் மீண்டும் இடம்பெயர்ந்தார். ஆனால் இம்முறை அவர் சென்றது கான்டனீஸ் மொழி தெருவெங்கும் ஒலித்த நகரம். அங்கேயே தங்கி, வாசித்தும் பதிவு செய்தும் இயற்றியும் வாழ்ந்த அவர், 1981ஆம் ஆண்டு இயற்கை எய்தினார்.

தாய்மண்ணை அடைந்த கருவி

காவ்ஹுவின் பயணம் அதனை உருவாக்கியவரின் பயணத்தினும் வியப்பானது. அது பிறந்தது ஷாங்காயில். புலம்பெயர்ந்தோர் வாழ்ந்த தெருக்களில், அயல்நாட்டு வயலினின் தந்தியோடு அது உருப்பெற்றது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது குவாங்டொங் மாநிலத்தை அடைந்தது. அங்குள்ள இசைஞர்கள் அதனை ஏற்றனர். குவாங்சௌவில் வாழ்ந்த லியூ தியன்யி போன்ற வல்லுநர்கள் அதில் புதிய நுட்பங்களை வளர்த்தனர். நாளடைவில் கான்டனீஸ் இசைக்குழுவுக்கும், கான்டனீஸ் இசை நாடகத்திற்கும் காவ்ஹுவே தலைமைக் கருவியாயிற்று. இன்று சீனாவில் காவ்ஹுவின் ஒலியைக் கேட்டோர் உடனே குவாங்டொங் மாநிலத்தை நினைவுகூர்வர். 2006ஆம் ஆண்டு சீன அரசு வெளியிட்ட தேசிய மரபுச் செல்வங்களின் முதற்பட்டியலில் குவாங்டொங் இசை இடம்பெற்றது.

ஊரை விட்டுச் சென்றோரின் பிள்ளை ஒருவர், ஊருக்கு அதன் அடையாளத்தையே செய்து அனுப்பினார். மரபை மட்டும் காத்திருந்தால் அவர் நல்லதோர் எர்ஹு இசைஞராக இருந்திருப்பார். புதுமையை மட்டும் நாடியிருந்தால் ஷாங்காயின் எண்ணற்ற நடன இசைஞர்களுள் ஒருவராக மறைந்திருப்பார். அவர் முதலில் தம் முன்னோரின் இசையை ஆழமாகக் கற்றார். பின்னர்த் தாம் வளர்ந்த நகரம் அளித்ததையும் அதற்கு அளித்தார். கற்றல் முன்னும் மாற்றல் பின்னுமாக அமைந்தமையே அவர்தம் வெற்றிக்குக் காரணம்.

தெரிந்து தெளிக

• வென்செங் பிறந்த சியாங்ஷான் வட்டத்திலேயே சீனக் குடியரசின் முதல் தலைவர் சுன் யாட்-சென் பிறந்தார். அவருக்குச் ‘சுன் சொங்ஷான்’ என்னும் பெயரும் உண்டு. அவர் மறைந்த 1925ஆம் ஆண்டில் அவ்வட்டத்திற்குச் ‘சொங்ஷான்’ என்று பெயர் சூட்டப்பட்டது.

• கான்டனீஸ் இசை நாடகத்தை 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

சொற்பொருள்

தந்தி – இசைக்கருவியில் கட்டும் நரம்பு, கம்பி
சுருதி – ஒலியின் உயர்வு தாழ்வு நிலை
மெட்டு – பாடலின் இசை வடிவம்
புலம்பெயர்தல் – வாழிடம் விட்டு வேற்றிடம் செல்லுதல்
எஞ்சுதல் – மீதியாதல்
நாளடைவில் – காலப்போக்கில்
இடர் – துன்பம், தடை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. வென்செங் வளர்ந்த நகரம் ————
(அ) குவாங்சௌ (ஆ) ஷாங்காய் (இ) ஹாங்காங் (ஈ) ஹாங்சௌ

2. எர்ஹுவில் முற்காலத்தில் கட்டப்பட்ட தந்தி ————
(அ) எஃகு (ஆ) செம்பு (இ) பட்டு (ஈ) பருத்தி

3. மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்கப்படும் கருவி ————
(அ) காவ்ஹு (ஆ) யாங்சின் (இ) சின்சின் (ஈ) எர்சியன்

4. ‘காவ்’ என்னும் சொல்லின் பொருள் ————
(அ) இனியது (ஆ) புதியது (இ) சிறியது (ஈ) உயர்ந்தது

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. எர்ஹுவின் குடத்தின் முகப்பில் ———— போர்த்தப்பட்டிருக்கும்.
2. மெட்டைச் சிறு சுரங்களால் அழகுபடுத்துதலைச் சீனர் ———— என்பர்.
3. வென்செங் ———— ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் குடியேறினார்.
4. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ ———— நிமிட இசை பதிவாகும்.

இ. பொருத்துக.

1. சிது மெங்யான் – (அ) ஹவாய் கிதார்
2. ஹே தாஷா – (ஆ) பியானோ வடிவம்
3. சென் பெய்சுன் – (இ) படகுப் போட்டி இசை
4. ஹே லியூதாங் – (ஈ) கப்பல் கட்டும் பொறியாளர்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ‘கான்டனீஸ்’ என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. எர்ஹுவின் வில்லைக் கருவியிலிருந்து பிரிக்க இயலாதது ஏன்?
3. ‘நான்கு பேரரசர்கள்’ எனப் போற்றப்பட்டோர் யாவர்?
4. ‘அமைதி ஏரியில் இலையுதிர்கால நிலவு’ என்னும் படைப்பில் எப்பகுதி இசையின் சாயல் கலந்துள்ளது?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. எர்ஹுவில் வென்செங் செய்த இரு மாற்றங்களையும், அவற்றின் பயனையும் விளக்குக.
2. அயற்கருவிகள் நுழைந்தபின்னும் அது கான்டனீஸ் இசையாகவே நிலைத்தது எவ்வாறு?

ஊ. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

‘கற்றல் முன்னும் மாற்றல் பின்னுமாக அமைந்தமையே வென்செங்கின் வெற்றிக்குக் காரணம்.’ இக்கூற்றைப் பாடச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.

எ. மொழித்திறன்

1. பிரித்து எழுதுக: தாய்மொழி, இசைக்கருவி, புத்தாண்டு, நெடுங்காலம்.
2. எதிர்ச்சொல் எழுதுக: உயர்வு, மென்மை, பழைய, தொலைவு.
3. சொற்களைத் தொடரில் அமைத்து எழுதுக: மரபு, தேர்ச்சி, நினைவுகூர்தல், நாளடைவில்.

ஏ. செயல்திட்டம்

1. வீட்டில் மூத்தோர் பாடும் தாலாட்டு, கும்மி, நாற்றுப் பாட்டு ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்டு எழுதுக. அதனை அவர் யாரிடம், எந்த ஊரில் கற்றார் என்பதையும் குறித்து வருக.
2. கருநாடக இசையில் வயலின் இடம்பெற்ற வரலாற்றை ஆசிரியர் துணையுடன் அறிந்து, பத்து வரிகளில் எழுதுக.